நானூறு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சர்வே

புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் ஒரு வரி தெரிந்தால் போதும், சாப்பிட்ட கையைக் கழுவாமலே அதை அழுத்திவிடுகிற ஆள் நான். பழைய பதிப்பில் என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழையது என்பதே ஒரு குறைதானே. கணினிப் பொறியியல் படித்து முடித்த கையோடு, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் கப்பல் தெரியும். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அந்த விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் அலுவலகத்தின் தொழில், ஏற்றுமதிக்காரர்களுடைய பேப்பர்களைச் சுங்கத்துக்கு அனுப்பி, கப்பல் கிளம்புவதற்குள் கன்டெய்னர் பெட்டியைத் துறைமுகத்துக்குள் தள்ளுவது. ஒரு கன்டெய்னருக்கு நாற்பது பக்கம், அறுபது பக்கம் என்று பேப்பர் வரும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினி படிக்கும்படி செய்து, கோப்பைச் சுருக்கி அனுப்ப வேண்டும். இதற்கென்று நான் ஒரு நிரல் எழுதி, அதற்காகவே லினக்ஸ் போட்ட தனி மெஷின் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அதை அசெம்பிள் செய்து தந்தவர் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இந்தச் சாலையில் பாதி அலுவலகங்களுக்கு அவர் போட்ட மெஷின்தான். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவர் கடைப் பெயர் போட்ட வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரப் பலகை என்று அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

அந்த மெஷினில் பேப்பரைப் போட்டு எடுப்பது திரேஸ்புரத்திலிருந்து வரும் அக்கா. இருபது வருஷமாக ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம், போடுகிறவர். என் நிரலை அவர் ஒரு நாளும் பாராட்டியதில்லை. திட்டாமல் பயன்படுத்தினார், அவரிடம் அதுவே பெரிய சான்றிதழ்.

ஒரு சனிக்கிழமை மதியம். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். யாரும் கேட்காத ஒரு காரியத்தை நான் செய்தேன். அந்த மெஷினின் கெர்னலை மேம்படுத்தினேன். கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமட்டம்; மேலே நடக்கும் அத்தனைக்கும் அதுதான் மேஸ்திரி. மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. திரையின் வலது மூலையில், பிராசஸர் அந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் எண் ஒன்றை நானே வைத்திருந்தேன். அக்காவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அழகுக்குத்தான். பெட்டியில் அச்சடித்திருந்த வேகம் 3600 மெகாஹெர்ட்ஸ். இத்தனை நாளும் என் எண் மேலும் கீழும் ஆடுமே தவிர, 1400-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது 400 என்று காட்டியது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 400. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 399.

மூளை உள்ள எவரும் இந்த இடத்தில், "நான் இப்போது எதை மாற்றினேன்?" என்று கேட்டிருப்பார். எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. நான் கேட்டது, "இத்தனை நாளாக என்னை ஏமாற்றியது யார்?" என்று. புதிய கெர்னல் பொய் சொல்லாது. ஏனென்றால் அது புதியது. அதைவிட முக்கியம், அதைப் போட்டது நான். ஆகவே பழைய கெர்னல்தான் பொய் சொல்லியிருக்கிறது. புதியது வந்து குட்டை உடைத்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது எங்கேயோ கழற்றிய பழைய பிராசஸர். அண்ணாச்சி அதை நம் தலையில் கட்டிவிட்டார். சைவக் கடையில் ஒரு காபி குடிக்கும் நேரத்துக்குள் இத்தனையும் கண்டுபிடித்துவிட்டேன்.

இருந்தாலும் நான் நியாயமானவள். ஒருவர்மேல் பழி போடுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டாமா? திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். என் நிரலை நிறுத்தினேன். நெட் கேபிளைக்கூட உருவினேன். எந்த இடைஞ்சலும் இல்லாமல் மெஷின் தன் முழு வேகத்தையும் காட்டட்டும் என்று பத்து நிமிஷம் கைகட்டி உட்கார்ந்து பார்த்தேன். 400, 400, 398, 400. ஒரு முறைகூட ஏறவில்லை. எவ்வளவு சுத்தமான சோதனை என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அன்று சாயங்காலமே எழுத்துகள் திரையில் மெதுவாக விழுவதுபோலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. மௌஸ்கூட நடக்கச் சிரமப்பட்டது. எல்லாம் என் கண்ணில் மட்டும்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொன்னேன். ஸ்ரீவைகுண்டத்தில் வயல் வைத்திருக்கிறவர், வாரம் முழுக்கத் துறைமுகத்தில் கிடக்கிறவர். கெர்னல், மெகாஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த பாஷைக்கு அதை மாற்றிக்கொண்டார்.

"சுருக்கமாச் சொல்லு. டிக்ளேர் பண்ணினது எவ்வளவு?"

"மூவாயிரத்தி அறுநூறு சார்."

"வந்து இறங்குனது?"

"நானூறு சார்."

"அப்போ ஷார்ட்டேஜ். பொறவு என்னத்துக்கு என்கிட்ட வந்து நிக்க? புரொட்டஸ்ட் லெட்டர் போடு. ஜாயின்ட் சர்வே வை."

எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. வந்த சரக்கு குறைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், முதலில் எதிர்ப்பைக் கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் பெட்டிக்குச் சீல் வைத்துவிட்டு, கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒன்றாக நிறுத்தி, எல்லோர் முன்னாலும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரைக்கும் சரக்கில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. ஜாயின்ட் சர்வேயில் முதல் விதி அதுதான்.

கம்ப்யூட்டருக்கு ஜாயின்ட் சர்வே வைத்த முதல் ஆள் இந்தத் துறைமுகத்தில் நானாகத்தான் இருப்பேன். கடிதத்தை ஆங்கிலத்தில், சரக்குக் கடிதங்களின் அதே நடையில் அடித்தேன். 'பெருமளவு குறைபாடு' என்று எழுதினேன். மெஷினை அணைத்து, பின்பக்கம் பூட்டுப் போடுகிற வளையத்தில், கன்டெய்னர் கதவுக்குப் போடும் போல்ட் சீல் ஒன்றை மாட்டி அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. சீல் எண்ணைக் குறித்துக்கொண்டேன். நெற்றியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து, ஒரு கவரில் போட்டு, மேலே 'சான்று' என்று எழுதினேன். இதுவரை செய்ததோடு நிறுத்தியிருந்தால் விஷயம் எங்கள் நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். ஆனால் சனிக்கிழமையே போனில் எடுத்து வைத்திருந்த 400 படத்தை, இந்தச் சாலையில் இருக்கும் கிளியரிங் அலுவலகங்களுடைய வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கீழே, "இந்த மஞ்சள் ஸ்டிக்கர் மெஷின் உங்களிடமும் இருந்தால் உடனே சோதித்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. ஊருக்கு உபகாரம்.

அக்கா வந்து சீலைப் பார்த்தார்.

"ஏளா, இது என்ன கூத்து? நான் எதுல வேல பாக்க?"

"பழைய மெஷின்ல பாருங்கக்கா. ரெண்டு நாள்தான். புதன்கிழமை சர்வே."

"அது ஒரு பில்லு முடிக்கதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி மீன் கொழம்பு வச்சுட்டு வந்துருவேன்."

"இதுவும் ஸ்லோதான்கா. உங்களுக்குத் தெரியல."

"எனக்குத் தெரியாம அது எப்பிடிளா ஸ்லோவா இருக்கும்? நாந்தான ஓட்டுதேன்?"

இந்த வழக்கில் அத்தனை நாளும் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வாக்கியம் அது. நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். விவரம் தெரியாதவர் என்று நினைத்தேன்.

மதியம் அண்ணாச்சியே நேரில் வந்தார். வழக்கமாகச் சட்டையின் மேல் பட்டன் இரண்டும் திறந்திருக்க, தோளில் ஒரு துண்டோடு வருகிறவர். அன்றைக்குக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். கையில் பில் புத்தகமும் அந்தப் பிராசஸரின் காலி அட்டைப்பெட்டியும்.

"எம்மா, காலைல இருந்து அஞ்சு ஆபீஸ்ல இருந்து போன் வந்துட்டு. எங்க மெஷினையும் வந்து பாரு, எங்க மெஷினையும் வந்து பாருன்னு. ஒரு ஆபீஸ்ல என் ஸ்டிக்கரையே பிச்சுட்டானுவ. என்ன நடந்துது, எனக்குச் சொல்லு."

சொன்னேன். அட்டைப்பெட்டியை நீட்டினார். "அட்டைப்பெட்டி யாருகிட்டயும் கிடைக்கும் அண்ணாச்சி" என்றேன். இதை இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது.

"சரி. எப்போ இருந்து நானூறு காட்டுது?"

"சனிக்கிழமை மத்தியானத்துல இருந்து."

"சனிக்கிழமை நீ என்ன பண்ணினே?"

"அப்டேட் பண்ணினேன்."

"அப்போ அதுல ஏதாவது..."

"அப்டேட் பண்ணினா வேகம் குறையாது அண்ணாச்சி. உண்மை வெளிய வரும்."

அவர் நீட்டிய அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டார். பிறகு முதலாளி அறைப் பக்கம் திரும்பினார். மாடியில் புதிதாக ஒரு அறை போட்டு, இன்னும் எட்டு மெஷின் வாங்குவதாக முதலாளி அவரிடம் பேசி முடித்திருந்தார். முதலாளி வெளியே வந்து, "புதன்கிழமை சர்வே முடியட்டும் அண்ணாச்சி. குறை உண்டுன்னு வந்துட்டா எட்டும் கேன்சல். அதோட இந்த ரோட்டுல நான் யாருக்கும் ஒங்க கடையைச் சொல்ல முடியாது. தப்பா நினைக்காதீங்க" என்றார்.

"எட்டு போனா போவுது முதலாளி. பதினஞ்சு வருஷமா இந்த ரோட்டுல ஒருத்தன் என்னைய ஏமாத்துக்காரன்னு சொன்னது கிடையாது" என்றார் அண்ணாச்சி. பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. தப்புச் செய்தவர்கள்மேல் பாவப்படுகிற பெரிய மனது எனக்கு.

புதன்கிழமை மூன்று மணி. முதலாளி, அண்ணாச்சி, நான். கட்டரால் போல்ட் சீலை வெட்டினேன். படம் எடுத்தேன். மெஷினைப் போட்டு, திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினேன். "யாரும் எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லி, நானும் இரண்டடி தள்ளி நின்றேன். எழும்பும்போது எண் ஒரு துள்ளுத் துள்ளியது. "அது கணக்கில்லை, செட்டில் ஆகட்டும்" என்றேன். ஆனது. 400.

"முதல் வாசிப்பு, நானூறு" என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன். ஐந்து நிமிஷம் கழித்து, "இரண்டாவது வாசிப்பு, நானூறு." மூன்றாவது வாசிப்பு 399. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கண்ணுக்கும் நானூறுதான். "கழத்திப் பாத்துருவோமா? சில்லு மேல பேரு அடிச்சிருக்கும்" என்றார், குரல் இறங்கி. "பெயரை அழித்துவிட்டு வேறு அடிக்கலாம்" என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். முதலாளி பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அப்போது அக்கா, மார்போடு அணைத்த ஒரு கட்டுப் பேப்பருடன் உள்ளே வந்தார். உலர்பூ ஏற்றுமதி செய்யும் பார்ட்டி ஒருவர் கடைசி நேரத்தில் லாரி டிரைவர் கையில் கொடுத்துவிட்ட அறுபது பக்கம். ஐந்து மணிக்குக் கப்பலுக்குக் கேட் மூடிவிடும், அதுதான் கட்-ஆஃப்.

"ஏளா, தள்ளு."

"அக்கா, சர்வே நடக்குது! தொடக் கூடாது!"

"ஒன் சர்வேய அடுத்த கப்பல்ல ஏத்து. பழைய மெஷின் பன்னெண்டாம் பக்கத்துல படுத்துட்டு. எனக்குப் பெட்டி போவணும்."

"சார், சொல்லுங்க சார்."

முதலாளி மணியைப் பார்த்தார். சர்வேக்கும் கட்-ஆஃபுக்கும் நடுவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் சந்தேகமே வேண்டாம். "போடட்டும் விடு" என்றார்.

அக்கா பேப்பரை ஸ்கேனரில் சொருகி, என் நிரலைத் தட்டினார். மெஷினுக்குள் விசிறி உறுமியது. வலது மூலையில் எண் மாறியது. 400 போய் 2900. பிறகு 3800. பிறகு 4180. அங்கேயே நின்றது.

 அறுபது பக்கமும் ஒவ்வொன்றாக உள்ளே போய் எழுத்தாக மாறிக்கொண்டிருந்தன. அக்கா மட்டும் எண்ணைப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது. எண் சறுக்கி, 400-இல் வந்து உட்கார்ந்தது.

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். "நாலாயிரத்தி நூத்தி எம்பது. டிக்ளேர் பண்ணினதவிட ஜாஸ்தில்லா வந்து இறங்கியிருக்கு?"

"ஏதோ கோளாறு சார். இன்னொரு தடவை..."

"போடட்டுமா?" என்றார் அக்கா. அவருக்கு இப்போதுதான் விஷயம் புரிந்திருந்தது, உடனே ருசியும் கண்டுவிட்டது. பேப்பரை எடுத்து மறுபடி சொருகினார். 4180. கையை எடுத்தார். 400. மறுபடி சொருகினார்.

"வேல குடுத்தா ஓடுது, குடுக்கலன்னா தூங்குது. என்ன முதலாளி, நம்ம ஆபீஸ்ல எல்லாரும் அப்பிடித்தான இருக்கோம்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "கரையில கெட்டிப் போட்ட போட்டுல ஏறி நின்னுகிட்டு, இது ஓடவே இல்ல, ஓடவே இல்லன்னு அழுதிருக்கா. ஏளா, கயித்த அவுத்துட்டுல்லா பாக்கணும்!"

முதலாளி சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார். மூன்று நாள் நின்றுகொண்டே இருந்தவர்போல இருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கட்டுப் பேப்பருக்கும் எத்தனை வினாடி ஆனது என்று என் நிரல் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வருகிறது. எழுதச் சொன்னதே நான்தான். திறந்து பார்த்ததே இல்லை. எல்லோர் முன்னாலும் திறந்தேன். போன மாதம் இதே அறுபது பக்க அளவுக் கட்டுக்கு ஆன நேரமும் இப்போது ஆன நேரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இப்போது இரண்டு வினாடி குறைவு.

காரணத்தைத் தேடிப் படித்தேன். புதிய கெர்னலோடு வந்த குறிப்பிலேயே இருந்தது. படிக்காமல் அழுத்துவதுதானே என் பழக்கம். பழைய கெர்னல் அந்தப் பிராசஸரின் வேகத்துக்கு மூன்றே படிகளை வைத்திருந்தது, அடிப்படி 1400. புதியது படியை எடுத்துவிட்டுச் சரிவாகப் போட்டுவிட்டது. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 400 வரை இறங்கலாம், வேலை வந்தால் ஒரு நொடிக்குள், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் சாதாரண வேகமான 3600-ஐயும் தாண்டி, உச்சிக்கு ஏறலாம். எண் பொய் சொல்லவில்லை. தூங்குகிறேன் என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எழுப்பக் கூடாது என்று சீல் வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டவள் நான். எவ்வளவு ஒழுங்காகச் சோதித்தேனோ, அவ்வளவு தப்பாகச் சோதித்திருக்கிறேன்.

"அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தேன். 

"நீ எழுதுன லெட்டரைக் கிழிச்சிரலாம்மா. குரூப்ல போட்டியே, அதை எப்பிடி இறக்குவே?" என்றார் அவர்.

அன்றே குரூப்பில் நீளமாக ஒரு வாபஸ் எழுதினேன். மன்னிப்பு, விளக்கம், 4180 படம், எல்லாம். பழைய படத்தைப் பார்த்த அத்தனை பேரும் இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர், "அண்ணாச்சி போய்ப் பேசிட்டாரு போல" என்று முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்தும் அவருக்குப் போன் நிற்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை முதலாளியிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு, அண்ணாச்சியின் வண்டிக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் கிளம்பினேன். மஞ்சள் ஸ்டிக்கர் உள்ள அலுவலகங்கள் பதினொன்று. பதினோரு மாடிப்படி. ஒவ்வொரு இடத்திலும் நின்று, "அந்தப் படத்தைப் போட்டது நான்தான். தப்பு என்னுடையது. உங்கள் வேலையை ஓட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள்" என்று சொன்னேன். முதல் இரண்டு இடத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துப் படித்தேன். ஏழாவது இடத்தில் ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒன்பதாவதில் ஒரு பையன், என்னைவிடச் சின்னவன், "கெர்னல் நோட்ஸ் படிக்காமலா அப்டேட் பண்ணினீங்க?" என்று கேட்டான். அண்ணாச்சி முதல் தடவையாகச் சிரித்தார். ஸ்டிக்கரைப் பிய்த்திருந்த அலுவலகத்தில், அவர் சட்டைப் பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒட்டினேன். கோணலாகத்தான் ஒட்டியது.

எட்டு மெஷினும் அவருக்கே என்று முதலாளி உறுதி செய்தார். அடுத்த வாரம் அண்ணாச்சி அவற்றைக் கொண்டுவந்து மாடி அறையில் வரிசையாக வைத்தார். மேல் பட்டன் இரண்டும் பழையபடி திறந்திருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால், என்னிடமிருந்து கற்றுக்கொண்ட வித்தை, ஒரு போல்ட் சீல் தொங்கியது.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஜாயின்ட் சர்வே. ஒன் முன்னாலதான் வெட்டணும், ஒன் முன்னாலதான் ஓட்டணும். கையெழுத்துப் போட்டுத் தா." பிறகு கீழே பார்த்துக் கூப்பிட்டார். "எக்கா, அந்தப் பூப் பேப்பர் இருக்கா?"

அக்கா அதற்கென்றே நகல் எடுத்து வைத்திருந்தார்போல. அந்த அறுபது பக்கமும் மேலே வந்தது. சீலை வெட்டினேன். மெஷினைப் போட்டு என் நிரலை ஏற்றினேன். அண்ணாச்சி பேப்பரைச் சொருகி, எண்ணைத் தானே சத்தமாக வாசித்தார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீல் வெட்டி வெட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. அக்கா வாசலில் சாய்ந்து நின்று, ஒரு மெஷின் விடாமல் வேடிக்கை பார்த்தார். ஏழு மெஷினும் 4180-ஐ ஒட்டியே நின்றன.

எட்டாவதில் அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எம்மா, இதுல நாலாயிரத்தி நூத்தி அம்பதுதான் வருது. முப்பது ஷார்ட்டேஜ். லெட்டர் எழுதுதியா?"

"இல்ல அண்ணாச்சி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. குரூப் இருக்கு."

பேனாவை வாங்கி எட்டாவது கையெழுத்தைப் போட்டேன். அவர் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து, பின்தாளை உரித்து, என் விரல் நுனியில் வைத்தார். இந்த முறை அளந்து, நேராக ஒட்டினேன். திரையில், இந்த மெஷினுக்குப் புதிய பதிப்பு ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வரி தோன்றியது. என் கை தானாக மௌஸ் பக்கம் நகர்ந்தது.

"ஏளா" என்றார் வாசலில் இருந்து அக்கா. "கைய எடு."